மூன்றாம் போர்டில் தண்ணீர்

சாம்பவிக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பொறியியல் பீடத்தில் இரண்டு வருடமாக ஆங்கிலத்தில்தான் படித்தாள், ஆங்கிலத்தில்தான் சோதனை எழுதினாள், மின்னியல் பாடங்களில் வகுப்பிலேயே முன்னுக்கு நின்றாள். ஆனால் யாராவது அவளின் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் போதும், தொண்டைக்குள் யாரோ கடை ஷட்டரை இழுத்து மூடியதுபோல் ஆகிவிடும். போனில் என்றால் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் அழைப்பு வந்தால் போனை அம்மா அருந்ததியிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். அருந்ததியோ எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தா: "சொறி, றோங் நம்பர்." வங்கியில் இருந்து எடுத்தவர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

மூன்றாம் வருடத்தில் தொழில்நுட்ப, வணிகத் தொடர்பாடல் என்றொரு பாடம் வந்தது. பெயர் நீளமாக இருந்ததால் பிள்ளைகள் அதைக் 'கொம்யூனிகேஷன்' என்று சுருக்கினார்கள். படிப்பித்தவர் மேனுகா மிஸ். புதிதாக வந்தவர், இளவயது, வேகமாக நடப்பவர், அதைவிட வேகமாகக் கதைப்பவர். முதல் வகுப்பிலேயே இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார். தூணுக்குப் பின்னால் இருந்த சாம்பவிக்குச் சோடியாகக் கிடைத்தவள் ரொஷேல்.

ரொஷேல் கொழும்பு, கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அவளின் அப்பா நிக்கலஸ் கோபம் வந்தால் தமிழிலும், கிரிக்கெட் பார்த்தால் சிங்களத்திலும், சாப்பாட்டு மேசையில் ஆங்கிலத்திலும் கதைப்பவர். அம்மா டோரின் கொள்ளுப்பிட்டியில் ஒரு சட்டத்தரணிகள் அலுவலகத்தில் செயலாளர். அதனால் ரொஷேலுக்கு ஆங்கிலம் குழாயைத் திறந்த மாதிரி வரும். மின்னியல்தான் அவ்வளவாக வராது.

"நீ கணக்கைப் பார், நான் வாயைப் பாக்கிறேன். சரியா மச்சி?" என்றாள் ரொஷேல் கையை நீட்டி.

"ஓம்" என்றாள் சாம்பவி. நீட்டிய கையை இறுக்கிப் பிடித்தாள்.

வேலை இதுதான்: உண்மையான ஒரு வேலைத்தலத்துக்குப் போக வேண்டும். அங்கே தொழில்நுட்பக் குறை ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பற்றி அந்த இடத்து முகாமையாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை எழுதி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பிறகு வகுப்பில் எழும்பி நின்று விளக்க வேண்டும்.

"என்ட மாமா றமேஷ் ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்டுக்கு லொறி ஓடுறார். அங்க போவம்" என்றாள் ரொஷேல்.

போனார்கள். மீனும் இறால்களும் அடைத்த குளிர்க் கொன்டெய்னர்கள் வரிசை வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. கப்பல் வரும் வரைக்கும் அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வரிசையின் முனையிலும் அலுமாரி அளவில் ஒரு இரும்புப் பெட்டி. அதில் தடித்த வயர்களைச் செருகியிருந்தார்கள். யார்டில் அதைப் 'போர்ட்' என்றார்கள். இலக்கமும் அடித்திருந்தார்கள்.

மூன்றாம் போர்டுக்குப் பக்கத்தில் சாம்பவி நின்றுவிட்டாள். மேல் மூடியின் ரப்பர் பட்டி உக்கிப் பிளந்திருந்தது. போன் வெளிச்சத்தைப் பிளவுக்குள் அடித்துப் பார்த்தாள். உள்சுவரில் துருக்கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கி, பச்சை படிந்த செப்புக் கம்பிகளுக்குக் கிட்டப் போய் முடிந்தது. கோட்டின் நுனியில் ஒரு துளி நீர் தொங்கியது.

"ரொஷேல், இதுக்குள்ள தண்ணி போகுது."

"கொஞ்சம்தானே?"

"இதில நானூறு வோல்ட்டுக்கு மேல ஓடுது. கொஞ்சம் போதும்."

றமேஷிடம் சொன்னார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "அது எலெக்ட்ரிக்கல் ஆக்கள்ட வேலை, மகள். நான் சொன்னா யார் கேப்பாங்க? பெரியவருக்குச் சொல்லுங்க."

பெரியவர் கொரியாக்காரர். மிஸ்டர் பார்க். கம்பனியில் அவரின் நாட்டுக்காரருக்குப் பங்கு இருந்ததால் போன வருடம் முகாமையாளராக வந்து இறங்கியிருந்தார். ஒல்லியான, மிக மரியாதையான மனிதர். ரொஷேல் அவரிடம் போய்த் தன் கொழும்பு ஆங்கிலத்தைத் திறந்துவிட்டாள். அவர் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார், சிரித்தார், இருவருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

"வடிவா விளங்கிட்டுது அவருக்கு" என்றாள் ரொஷேல் வெளியே வந்து.

சாம்பவிக்கு அது அவ்வளவு நிச்சயமாகப் படவில்லை. ஆனால் ஆங்கில விஷயத்தில் ரொஷேலை மறுத்துப் பேச அவள் யார்?

அறிக்கையை வெள்ளவத்தையில், சாம்பவியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினார்கள். சாம்பவி முதலில் தன் கையால் மூன்று வரி எழுதினாள். மூன்றாம் போர்டில் தண்ணீர் போகிறது. மழை பெய்தால் பயன்படுத்த வேண்டாம். தொடுகிற ஆள் சாகலாம்.

ரொஷேல் வாசித்துவிட்டு வாயைப் பொத்தினாள். "சாகலாமா! ஒரு மனேஜருக்கு இப்பிடியா எழுதுறது? அம்மா பாத்தா மயங்கி விழுந்துருவா."

"அப்ப எப்பிடி எழுதுறது?"

"இரு, பாரு." ரொஷேலின் விரல்கள் லப்டொப்பில் ஓடின. அம்மாவின் அலுவலகக் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த விரல்கள். அந்த ஆங்கிலத்தைத் தமிழில் வைத்தால் இப்படித்தான் வரும்: "தங்களது சிறப்புமிக்க நிறுவனத்துக்கு விஜயம் செய்யக் கிடைத்தமையையிட்டுப் பெருமகிழ்ச்சி அடையும் நாம், குறித்த சில மின்பகிர்வு அலகுகள் தொடர்பில் ஈரப்பதன் சார்ந்த கரிசனைகள் எழக்கூடிய சாத்தியப்பாட்டைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவர விரும்புகின்றோம்."

சாம்பவி இரண்டு தரம் வாசித்தாள். "இதில மூண்டாம் போர்ட் எங்க?"

"'குறித்த சில' எண்டு இருக்கே. ஒருத்தரைக் குத்திக் காட்டுற மாதிரி எழுதக் கூடாது."

அழகாகத்தான் இருந்தது. தன்னால் ஒரு காலமும் இப்படி எழுத முடியாது என்று சாம்பவி நினைத்தாள். அனுப்பினார்கள்.

மிஸ்டர் பார்க்கிடம் இருந்து அடுத்த நாளே பதில் வந்தது. அன்பான கடிதத்துக்கு மிகவும் நன்றி, மறுபடியும் வாருங்கள். மேனுகா மிஸ் அறிக்கைக்கு 'ஏ' போட்டு, ஓரத்தில் 'தொனி மிகச் சிறப்பு' என்று எழுதிக் கொடுத்தார். ரொஷேல் இருவருக்கும் சாப்பிடப் பற்றிஸ் வாங்கினாள். மிச்சமிருந்தது வகுப்பில் விளக்குவது மட்டும். அதையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள் ரொஷேல்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காயப்போட்ட உடுப்புகளை எடுக்கச் சாம்பவி பல்கனிக்கு ஓடினாள். முதல் துளிகள் பெரிது பெரிதாக விழுந்தன. ஒரு நிமிடத்துக்குள் எதிர் ஃபிளட்டே தெரியாத மழை. ஈர உடுப்புகளோடு அவள் அப்படியே நின்றாள். அந்தத் துருக்கோடு கண்ணுக்குள் வந்து நின்றது.

மூடியை மாற்றியிருப்பார்களா? பதிலில் அதைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. போனை எடுத்து அந்த மின்னஞ்சலை மறுபடி வாசித்தாள். பிறகு தாங்கள் அனுப்பியதை, தானே அந்தக் கொரியாக்காரராக இருந்து வாசித்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை.

ரொஷேலுக்கு எடுத்தாள். மணி போனது, எடுக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் அவளுக்குத் தேவாலயத்தில் பாடகர் குழுப் பயிற்சி. போன் பையின் அடியில் கிடக்கும். றமேஷுக்கு எடுத்தாள். அவர் லொறியோடு திருகோணமலைப் பக்கம் நின்றார், பாதிச் சொற்கள் காற்றில் போயின. யார்டின் பொது இலக்கத்துக்கு எடுத்தாள். காவலாளி சிங்களத்தில் கதைத்தார். சாம்பவியும் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயோ மிஸ், லொக்கு மஹத்தயா சொல்லாம நான் ஒரு சுவிட்சில கை வைக்க ஏலாது. மீன் பழுதாகினா என்ட வேலை போயிரும்" என்றார் அவர், அதே மொழியில். லொக்கு மஹத்தயாவிடம், அதாவது பெரியவரிடம், சொல்லச் சொன்னார்.

பெரியவரின் கைத்தொலைபேசி இலக்கம் மின்னஞ்சலின் அடியில் இருந்தது. சாம்பவி அதைப் பார்த்தபடி நின்றாள். அம்மா சமையலறையில் நின்றா. போனை அம்மாவிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

இலக்கத்தை அழுத்தினாள்.

"ஹலோ, பார்க்."

ஷட்டர் இறங்கத் தொடங்கியது. அவள் பல்கனிக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"மிஸ்டர் பார்க். நான் சாம்பவி. பல்கலைக்கழகம். இரண்டு பெண்கள். இளநீர்." ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"ஆ! இளநீர்! யெஸ், யெஸ். அழகான கடிதம். நன்றி."

"கடிதம் நல்லதில்லை. மன்னிக்கவும். மூன்றாம் போர்ட். உள்ளே தண்ணீர். இப்போது மழை. ஆபத்து."

"தண்ணீர்? கடிதத்தில் தண்ணீர் இல்லை."

"ஓம். கடிதத்தில் இல்லை. போர்டில் இருக்கிறது." ஓம் என்று தமிழில் வாயில் வந்துவிட்டதை அவள் கவனிக்கவே இல்லை. "தயவுசெய்து மூன்றாம் போர்டை நிறுத்துங்கள். பிரதான சுவிட்ச். போர்டைத் தொட வேண்டாம். கொன்டெய்னர்களை வேறு போர்டுக்கு மாற்றுங்கள்."

"மீன் இருக்கிறது. நிறைய மீன். நிறுத்தினால் வாடிக்கையாளர் கோபிப்பார்." அவரும் சொல்லைத் தேடித் தேடித்தான் பேசினார். அதைக் கேட்கக் கேட்கச் சாம்பவிக்கு மூச்சு சீராக வந்தது. இந்த மனிதரும் தன்னைப் போலத்தான், ஒவ்வொரு சொல்லையும் கையால் தூக்கி வைக்கிறார்.

"கதவு மூடியிருந்தால் குளிர் சில மணித்தியாலம் நிற்கும். மாற்றுவதற்கு அது போதும்."

"உனக்கு நிச்சயமா?"

இந்தக் கேள்வியில்தான் அவள் தடுமாறினாள். நிச்சயமா? பிழைத்தால் மீன் வீணாகும், காவலாளிக்குப் பேச்சு விழும், தன் பெயரும் கெடும். சும்மா ஓம் என்று சொல்லிவிடலாம். இருக்கலாம், எழக்கூடும், சாத்தியப்பாடு உண்டு என்று பின்வாங்கவும் செய்யலாம்.

"தண்ணீரைப் பற்றி நிச்சயம்" என்றாள். "நான் கண்ணால் பார்த்தேன். எப்போது வெடிக்கும் என்பது நிச்சயமில்லை. இன்றைக்காக இருக்கலாம். அடுத்த மாதமாகவும் இருக்கலாம்."

அவர், "ஓகே. இது எனக்கு விளங்குகிறது. நிறுத்துகிறேன்" என்றார்.

அழைப்பு முடிந்ததும் சாம்பவி ஈர உடுப்புக் குவியலுக்கு மேலேயே இருந்துவிட்டாள். அருந்ததி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றா.

"ஆரோட இங்கிலிஷில கதைச்சனி?"

"ஒரு மனேஜரோட, அம்மா."

"நீயா?"

"ஓம், நான்தான்."

அருந்ததி ஒரு கணம் மகளைப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த வங்கிக்காரருக்கும் ஒருக்கா எடுத்துக் கதை, ரெண்டு மாசமா மறிச்சு வைச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

இருட்டுவதற்கு முன் மிஸ்டர் பார்க் ஒரு படம் அனுப்பினார். மின்சாரத்தை நிறுத்திய பிறகு எலெக்ட்ரிஷியன் திறந்த பெட்டி. அடித்தட்டில் தண்ணீர் தேங்கி மினுங்கியது. ஒரு கம்பி முனை கரியாகக் கறுத்திருந்தது. படத்துக்குக் கீழே: நிறையத் தண்ணீர். நன்றி. மீன் நலம்.

அந்தப் படத்தை ரொஷேலுக்கு அனுப்பினாள். பயிற்சி முடிந்து பார்த்திருக்க வேண்டும், போனில் வாசித்ததற்கான நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்த கையோடு ரொஷேல் வெள்ளவத்தைக்கே வந்துவிட்டாள். இருவரும் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லில் இருந்தார்கள்.

"நீ என்னை ஏன் மறிக்கயில்ல?" என்றாள் ரொஷேல். "'மூண்டாம் போர்ட் எங்க' எண்டு கேட்டியே. அதோட விட்டுட்டியே."

"உன்ட இங்கிலிஷுக்கு முன்னால நான் என்னத்தைச் சொல்லுறது?"

"அது பொய் மச்சி. உனக்குக் கரண்ட் தெரியும். எனக்கு அது தெரியாது எண்டு உனக்குத் தெரியும். பேசாம இருந்தது நீ."

சாம்பவிக்குச் சுட்டது. ஆனால் பொய்யில்லை. "ஓம்" என்றாள். "பேசியிருக்க வேணும்."

ரொஷேல் ஒரு சிறு கல்லை எடுத்து அலைக்குள் எறிந்தாள். "நேத்து அம்மாட்டக் காட்டினன். அம்மா என்ன சொன்னா தெரியுமா? 'மகள், நாங்க லோயர்மாருக்கு எழுதுறது நாளைக்கு ஆரும் எங்களைப் பிடிக்கக் கூடாது எண்டுதான். நீ ஏன் அதை எஞ்சினியர் கடிதத்துக்குப் போட்டாய்?'"

"அப்ப எங்களைப் பிடிக்கிற மாதிரி எழுதோணும்."

"வாசிக்கிறவரைப் பிடிச்சு உலுப்புற மாதிரி" என்றாள் ரொஷேல். முதல் தடவையாக அன்று சிரித்தாள்.

திங்கட்கிழமை மேனுகா மிஸ்ஸிடம் போனார்கள். 'ஏ' வாங்கிய அறிக்கை வேலை செய்யவில்லை என்று ரொஷேலே சொன்னாள். சாம்பவி படத்தைக் காட்டினாள். மிஸ் அறிக்கையை எடுத்து மறுபடி வாசித்தார். வாசித்து முடித்ததும் காதுமடல் சிவந்திருந்தது.

"நான் கமாவைப் பார்த்திருக்கிறன், தலைப்பைப் பார்த்திருக்கிறன், முடிவுரையைப் பார்த்திருக்கிறன்" என்றார். "இந்த ஆள் என்ன செய்ய வேணும் எண்டு நானும் கேக்கயில்லை." பேனையை எடுத்து 'ஏ'யை வெட்டினார். "புதுசா எழுதுங்கோ. விளக்குற அண்டைக்கு அவரையும் கூப்பிடுவம். அவருக்கு விளங்கினால்தான் மார்க்ஸ்."

புதிய அறிக்கையை எழுத இரண்டு பின்னேரம் சண்டை பிடித்தார்கள். சாம்பவி 'சாகலாம்' வேண்டும் என்றாள். ரொஷேல் 'மின்சாரம் தாக்கலாம்' போதும் என்றாள். சாம்பவி 'தயவுசெய்து' எதற்கு என்றாள். ரொஷேல் அதை விட்டுக்கொடுக்கவே இல்லை. கடைசியில் அரைப் பக்கம் வந்தது. முதல் வரியிலேயே மூன்றாம் போர்ட் இருந்தது, இரண்டாம் வரியில் தண்ணீர்.

விளக்க வேண்டிய நாளில் மிஸ்டர் பார்க் டை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். ரொஷேல் எழும்பவில்லை. சாம்பவியின் முதுகில் ஒரு தள்ளு வைத்தாள். "போ. அவருக்கு உன்ட இங்கிலிஷ்தான் விளங்கும்."

சாம்பவி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். குரல் முதலில் மெல்லியதாக வந்தது. ஒருமை பன்மை இடறியது, காலங்கள் மாறி விழுந்தன. பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவள் போர்டை வெண்பலகையில் கீறினாள். மூடியைக் கீறினாள், துருக்கோட்டைக் கீறினாள். கீறியபடி சொல்லத் தொடங்கியதும் சொற்கள் தாமாகவே வந்து தங்கள் தங்கள் இடத்தில் இருந்தன. கறுத்த கம்பியின் படம் திரையில் விழுந்தபோது பின்வரிசையும் அடங்கியது.

முடிந்ததும் மிஸ்டர் பார்க் எழும்பினார். "முதல் கடிதம் மிக அழகு" என்றார். "போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். இந்தப் பெண்களுக்கு என் யார்ட் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். கொரியாவுக்கு, என் மனைவிக்கு அனுப்பினேன்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ரொஷேல் இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். விரல்களுக்கு நடுவால் அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

மேனுகா மிஸ் இருவருக்கும் 'பி பிளஸ்' கொடுத்தார். இலக்கணத்துக்கு வெட்டினேன், வெட்டாமல் விட எனக்கு மனம் வராது என்றார். சாம்பவிக்கு அந்தப் 'பி பிளஸ்' போதும்போல் இருந்தது. அதை அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள்.

ஒரு கிழமை கழித்து மிஸ்டர் பார்க்கிடம் இருந்து வேலை ஒன்று வந்தது. யார்டில் உள்ள எல்லாப் போர்டுகளுக்கும் எச்சரிக்கைப் பலகை வேண்டும். மூன்று மொழியில், சின்னதாக, லொறிக்காரரும் காவலாளியும் ஓடிக்கொண்டே வாசிக்கக்கூடியதாக. இருவரும் பாடத்தை முடித்துவிட்டுப் புறக்கோட்டைப் பஸ்ஸில் ஏறினார்கள். ஆங்கிலம் பஸ் நகர முன்பே முடிந்துவிட்டது. சிங்களத்துக்குக் காவலாளியிடமே கேட்பது என்று தீர்மானித்தார்கள்.

தமிழில்தான் சிக்கினார்கள்.

"'திறக்காதே' எண்டு போடுவம். குட்டியா இருக்கு" என்றாள் ரொஷேல்.

"றமேஷ் அங்கிளுக்கு 'திறக்காதே' எண்டா சொல்லப்போறாய்? வயசான மனிசன்."

"அப்ப 'திறக்காதீர்கள்'?"

"மேடையில பேசுற மாதிரி இருக்கு."

"'திறத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது.'"

"அரசாங்கக் கச்சேரியில ஒட்டுறது அது. வாசிச்சு முடிய முதல் ஷொக் அடிச்சிரும்."

முன்சீட்டில் இருந்த ஒரு அன்ரி திரும்பிப் பார்த்தா. பஸ் கொள்ளுப்பிட்டி நெரிசலுக்குள் நின்றுபோயிருந்தது. "பிள்ளையள், 'திறக்க வேண்டாம்' எண்டு போட்டால் என்ன?" என்றா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"மரியாதையும் இருக்கு" என்றாள் ரொஷேல்.

"ஆனா கெஞ்சுற மாதிரி இல்லையா?" என்றாள் சாம்பவி.

"கெஞ்சலா? அது எப்பிடிப் பிள்ளை கெஞ்சலாகும்?" அன்ரி இப்போது முழுதாகத் திரும்பி, சீட் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டா. பக்கத்தில் நின்ற ஐயா ஒருவரும் தன் கருத்தைச் சொல்லத் தொண்டையைச் செருமினார்.